வேப்பங்கொத்து தேடப் போனவள்

மணமேடையில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய தோள்களைப் பாருங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சேலம் பக்கத்துக் கல்யாணங்களில் முப்பது வருடம் கேமரா பிடித்தவள் நான். வலது தோள் இனிமேல் எடை தாங்காது என்று மருத்துவர் சொன்ன பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டுடியோவை மூடினேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் லென்ஸ் பற்றியோ விளக்கு பற்றியோ என்னிடம் கேட்க வேண்டியதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேமராவுக்கு முன்னால் வந்து நின்றதும் நல்ல மனிதர்கள் ஏன் மரக்கட்டை ஆகிறார்கள், அவர்களை எப்படித் திரும்ப மனிதர்களாக்குவது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு என்று நினைத்திருந்தேன். போன வைகாசியில், என் மகள் கல்யாணத்தில், அந்த நினைப்பும் போய்விட்டது. அதை எடுத்த எடுப்பிலேயே சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் பழைய கதைகளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் நெகடிவ் திருத்தும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். பெண்களைப் படம் எடுக்க ஒரு பெண்ணே வேண்டும் என்று சில வீடுகளில் கேட்டார்கள். முதலாளி கேமராவை என் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். அப்படியே தொழில் மாறிவிட்டது.

தனியாகப் போன முதல் கல்யாணங்களில் ஒன்று ஜலகண்டாபுரத்தில், ஒரு நெசவாளர் வீட்டில். அது ஃபிலிம் காலம். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். எது எப்படி வந்திருக்கிறது என்று கழுவிப் பார்க்கிற வரைக்கும் தெரியாது. அந்த நாலைந்து நாளும் பயமாக இருக்கும். சுகமாகவும் இருக்கும். இருட்டறையில் மருந்துத் தட்டில் கிடக்கிற வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெதுவாக ஏறி வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு அது கிடைக்காது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

அந்த மணப்பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். சிரிக்கவே இல்லை. எனக்கோ பயம். படம் சரியில்லாமல் போனால், பெண்ணை அனுப்பினால் இப்படித்தான் என்று பேச்சு வரும்.

"சிரிம்மா."

சிரிக்கவில்லை.

"நல்லா, பல்லு தெரியச் சிரிம்மா. கல்யாணப் பொண்ணு இப்பிடியா நிப்பாங்க?"

பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரி சிரி என்று ஒரே சத்தம். கடைசியில் பல் தெரிந்தது. உடனே எடுத்தேன். ஆல்பம் முழுக்க அதே பல், அதே அகலத்தில்.

ஏழெட்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணின் தம்பி கல்யாணத்துக்கு என்னையே கூப்பிட்டார்கள். அவள் இடுப்பில் குழந்தையோடு என்னிடம் வந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். இடது கன்னத்தில் அழகாகக் குழி விழுந்தது. அவளை ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்தவளுக்கு அந்தக் குழி அன்றுதான் தெரிய வந்தது. பழைய ஆல்பத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இருக்குதுங்கக்கா. ஒரு தடவைக்கு மேல நானே தொறக்கலைங்க."

"ஏனுங்க?"

"அதுல இருக்கறது நீங்க கேட்ட சிரிப்புங்க. அன்னைக்கு எனக்கு வயித்துவலி. ரவிக்கை வேற இறுக்கமாத் தெச்சுட்டாங்க, மூச்சு உடவே முடியலை. அதை ஒருத்தரும் கேக்கலைங்க. அல்லாரும் சிரி சிரின்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் அதிகமாக உறைத்தது.

அன்றோடு 'சிரிங்க' என்ற சொல்லை விட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். முதல் படத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, ரவிக்கையோ செருப்போ எங்காவது கடிக்கிறதா என்பதுதான். நம் ஊர்களில் விடியற்காலை முகூர்த்தம். பெண் நடு ராத்திரியிலேயே எழுந்து அலங்காரத்துக்கு உட்கார்ந்துவிடுகிறாள். உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். என் பையில் எப்போதும் இரண்டு வாழைப்பழமும் ஒரு ஸ்ட்ராவும் இருக்கும். பழத்தைச் சின்னச் சின்னத் துண்டாக ஒடித்து வாயில் போட்டுவிடுவேன். பாதிப் பேருக்கு அதிலேயே முகம் மலர்ந்துவிடும். மாப்பிள்ளைகளுக்குப் பிரச்சினை கையில். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. பிடித்துக்கொள்ள ஒரு செம்பையோ குடையையோ கொடுங்கள். எடுத்த படத்தை உடனுக்குடன் திரையில் காட்டாதீர்கள். காட்டினால், அடுத்த படத்தில் தன் மூக்கைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாவது கதை செவ்வாய்ப்பேட்டையில். மளிகை மொத்த வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்து நிக்காஹ். பெண்கள் பக்கம் முழுவதும் என் பொறுப்பு. மணப்பெண்ணுக்குத் தாய் இல்லை. அப்பாவின் அக்காதான் வளர்த்தவர். அவர்கள் வழக்கப்படி மாமி என்று கூப்பிட்டாள். மாடி அறையில் பெண்ணை உட்காரவைத்து நான் எடுக்க ஆரம்பித்ததும், மாமி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தாவாயத் தூக்கும்மா. அவ்ளோ தூக்காதே. கண்ணக் கொட்டாதே. இந்தப் பக்கம் திரும்பு, கருப்பாத் தெரியறே. என்னம்மா, புட்டிப் பால் குடிக்கிற புள்ள மாதிரி உதட்ட வச்சிருக்கே?"

எல்லாம் பாசத்தில்தான். ஆனால் அவர் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் பெண்ணின் தோள் ஒரு நூல் மேலே ஏறியது. கடைசியில் காது வரைக்கும் வந்துவிட்டது. அப்போது கீழேயிருந்து யாரோ, பன்னீர்ச் செம்பைக் காணோம் என்று கத்தினார்கள். அதை எடுத்து வைத்தவர் மாமிதான். திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறைந்தது. பெண்ணின் தோள் இரண்டும் அப்படியே இறங்கின.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "இப்ப எடுங்கக்கா. அவங்க வர்றதுக்குள்ள."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏழெட்டுப் படம். செம்பு மாமியின் அலமாரியிலேயே இருந்ததாம். ஆல்பம் கொடுக்கப் போனபோது மாமி அந்தப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? நான் தாவாயச் சரி பண்ணினதாலதான் இவ்ளோ அழகா உழுந்திருக்கா."

"ஆமாங்க மாமி" என்றேன்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் அந்த ஆளைத் தேடுவேன். யார் பக்கத்தில் வந்தால் பெண்ணின் தோள் ஏறுகிறதோ அவர். பெரும்பாலும் பெண்ணைப் பெற்ற அம்மாவாகத்தான் இருக்கும். அவர்களிடம் போய், தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல முடியாது. மனசு உடைந்துவிடும். பன்னீர்ச் செம்பு தினமும் தொலையாது. அதனால் நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"ஒரு எலுமிச்சம்பழம் வேணுங்கக்கா. காம்போட, ரெண்டு இலையும் சேர்ந்து இருக்கோணும். திருஷ்டிக்குத்தான். கேமராப் பக்கத்துல வெச்சுட்டு எடுத்தா ஒரு நிம்மதி."

சமையல்கட்டுக்கு மூட்டையில் வருகிற எலுமிச்சம்பழம் எதிலும் காம்பு இருக்காது. தேடிப் பிடிக்க இருபது நிமிடம் ஆகும். திருஷ்டி என்று சொல்லிவிட்டதால் வேறு ஆளையும் அனுப்ப மாட்டார்கள். தானேதான் போவார்கள். வேர்த்து விறுவிறுத்துக் கொண்டுவந்து கொடுக்கும் பழத்தை மரியாதையாக வாங்கி, கேமரா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். எத்தனை அம்மாக்களை அப்படி விரட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. நம் புகைப்படக்காரர் சங்கத்துப் பயிற்சி வகுப்பில் ஒரு தடவை இதைச் சொன்னேன். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். ராசிபுரத்திலிருந்து வந்திருந்த கார்த்திகா என்ற பெண் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன்.

நிவேதா எங்களுக்கு ஒரே பெண். வீட்டுக்காரர் மேட்டூர் மின்நிலையத்தில் வேலை பார்க்கிறார். நாமக்கல் பக்கத்தில் விவசாயக் குடும்பத்து மாப்பிள்ளை, பெயர் பிரவீன், ஓசூரில் வேலை. நாமக்கல்லில் மண்டபம் பிடித்தாயிற்று. கேமராவுக்குக் கார்த்திகாவைத்தான் சொல்லியிருந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு ஆல்பம் போட்டவள், என் பெண்ணுக்கு எப்படிப் போட வேண்டும் என்று அவள் பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்தே மனசுக்குள் பக்கம் பக்கமாக அடுக்கி வைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வா. வாய் கொப்பளிச்சா தண்ணி நிக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். இடது பக்கத்து உதட்டோரம் தொங்கியிருந்தது. கண்ணை மூடச் சொன்னேன். வலது கண் மூடியது, இடது கண் மூடவில்லை. பாதி முகம் என்னைப் பார்த்துப் பயந்தது, மறுபாதி படம் போல அசையாமல் இருந்தது.

முகவாதம் என்றார் மருத்துவர். மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கல்யாணத்துக்குள் எதிர்பார்க்காதீர்கள் என்றார். செய்தி பரவியதும் உறவுக்காரர்கள் கண்ணு பட்டுவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அன்று மாலையே மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். காபி கொடுத்தேன்.

"தேதி மாத்தோணும்னா மாத்திக்கலாங்க சம்பந்தியம்மா" என்றார் அந்த அம்மா. "எங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. நம்ம பொண்ணு சாமி என்ன சொல்லுதோ அப்பிடியே."

நிவேதா துப்பட்டாவால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னாள். "கல்யாணம் அதே தேதில நடக்கட்டுங்க. ஃபோட்டோ மட்டும் வேண்டாம். ஒண்ணுகூட வேண்டாம்."

"நல்லதாப் போச்சு" என்றார் பிரவீன். "என்ர மூஞ்சி ரெண்டு பக்கமும் கோணல். இனி ஆரும் என்னைய மட்டும் சொல்ல மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நிவேதாவும் துப்பட்டாவுக்குள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். நான் சிரிக்கவில்லை. ஒரு படம்கூட வேண்டாமா? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் கெஞ்சிய பிறகு ஒத்துக்கொண்டாள். கார்த்திகா மட்டும், ஒரே கேமரா. மண்டபத்தில் முகத்தைப் பெரிதாகக் காட்டுகிற திரை இருக்கக்கூடாது. சரி என்றேன். அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நான் ஒரு திட்டம் போட்டேன்.

படத்தில் அவள் முகத்தின் வலது பக்கம் மட்டுமே தெரிய வேண்டும். அதற்கு மூன்று சைகை. நான் காதைத் தொட்டால் முகத்தை இடது கைப் பக்கமாகத் திருப்ப வேண்டும். தாவாயைத் தொட்டால் குனிய வேண்டும். கைவிரலை மடக்கினால் சிரிப்பை நிறுத்த வேண்டும், ஏனென்றால் சிரித்தால்தான் கோணல் வெளியே தெரிந்தது. பீரோக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து தினமும் அரை மணி நேரம் பழக்கினேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முகூர்த்தம் நன்றாக நடந்தது. தாலி கட்டும்போது தானாகவே தலை குனிந்திருந்தாள். ஜனம் டிபனுக்குப் போன பிறகு, இருவரையும் மேடையில் நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்தாள் கார்த்திகா. நான் அவளுடைய தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

தாலி கட்டிய பிறகு பெண் மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நிற்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கும் முப்பது வருடமாகத் தெரியும். அப்படி நிற்கிறவள் தன் இடது பக்கமாக முகத்தைத் திருப்பினால், கட்டினவனுக்கு முகத்தைக் காட்டாமல் நிற்கிறாள் என்று அர்த்தம். பழக்கிய அத்தனை நாளில் அது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பிரவீன் அவளைப் பார்ப்பார், அவள் தூணைப் பார்ப்பாள். நான் காதைத் தொட்டேன், அவள் திரும்பினாள். தாவாயைத் தொட்டேன், குனிந்தாள். கார்த்திகாவின் கேமராத் திரையை எட்டிப் பார்த்தேன். பெண் மரக்கட்டை போல இருந்தாள். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. அதுவும் என் கண்ணில் பட்டது. இன்னும் ஒரு விரல்கடை திரும்பினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

பிரவீன் அவளிடம் ஏதோ முணுமுணுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பிச் சிரிக்கப் போனாள். நான் விரலை மடக்கினேன். அவள் பார்க்கவில்லை. என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"சிரிக்காத கண்ணு, சிரிக்காத!"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜலகண்டாபுரத்தில் ஒரு பெண்ணைச் சிரி சிரி என்று வாட்டியவள், பெற்ற பெண்ணிடம் அவள் கல்யாண மேடையில் சிரிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். நிவேதாவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. மூட முடியாத அந்த இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வடிந்தது.

"போதும்மா" என்றாள். "எடுத்த வரைக்கும் போதும். நான் உள்ள போறேன்." கழுத்து மாலையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

கார்த்திகா கேமராவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"அக்கா, எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்க. ஒரு வேப்பங்கொத்து வேணும். ஒரே ஈர்க்குல பதினஞ்சு இலை, ஒரு இலைலகூட ஓட்டை இருக்கக் கூடாது. பொண்ணுக்குக் கண்ணு பட்டிருக்குதில்லீங்களா? கேமராப் பக்கத்துல வெச்சுட்டு எடுக்கறேன். நீங்களே உங்க கையால பறிச்சுட்டு வாங்க."

ஓடினேன். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தி நடுவே புகுந்து, பின்பக்கம் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், தகரத்தில் சுத்தியல் அடிக்கிற சத்தம் காதைப் பிளந்தது. எங்களைக் கூட்டி வந்த வேன் டிரைவர் நிழலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குதித்துக் கிளையைப் பிடிப்பதைப் பார்த்து எழுந்து வந்து, வண்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கிளையை வளைத்துக் கொடுத்தார். நான் ஒவ்வொரு ஈர்க்காக எண்ணினேன். ஒன்றில் பதினான்கு, இன்னொன்றில் பன்னிரண்டு. பதினைந்து இருந்த ஒன்றில் பூச்சி அரித்திருந்தது.

"ஏனுங்கக்கா, எல பதனஞ்சுதான் இருக்கோணும்னு எதுக்குங்க?" என்றார் டிரைவர்.

"திருஷ்டிக்குங்க. கேமராப் பக்கத்துல வெச்சுட்டு எடுத்தா ஒரு நிம்மதி."

சொல்லி முடித்ததும் என் குரல் என் காதிலேயே விழுந்தது. இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். இது என்னுடைய வாக்கியம்.

ஈர்க்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அத்தனை அம்மாக்களை நான் அனுப்பினேனே, அதே மாதிரி. முதலில் கோபம் வந்தது. பெற்றவள் நான், மேடையில் என் பெண் அழுதுகொண்டு நிற்கிறாள், நான் மரத்தடியில் இலை எண்ணுகிறேன். உள்ளே போக நாலு எட்டு எடுத்து வைத்தேன். அப்போது அந்தத் தோள்கள் ஞாபகம் வந்தன. திரையில் பார்த்தேனே, காதுக்குப் பக்கத்தில். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால், அதைப் பார்த்ததும் யாரை வெளியே அனுப்பியிருப்பேன்?

திரும்பி வந்து வேன் படியில் உட்கார்ந்தேன்.

"நீங்க பொண்ணோட அம்மாதானுங்களே?" என்றார் டிரைவர். "இங்க உக்காந்துட்டீங்க? உள்ள வேலை இல்லீங்களா?"

"இதுதானுங்க எனக்குக் குடுத்த வேலை."

"என்ன வேலைங்க?"

"உள்ள போகாம இருக்கற வேலைங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. உள்ளே மறுபடி படம் எடுக்கிறார்களா, அவள் அறைக்குப் போய்விட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. சுத்தியல் சத்தத்தில் மண்டபத்துக் குரல் எதுவும் வெளியே கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு எழுந்து, பதினைந்து இலையும் முழுசாக இருந்த ஒரு ஈர்க்கைத் தேடிப் பறித்தேன். வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

மேடைக்குப் போனபோது மாலை இரண்டும் நாற்காலியில் கிடந்தன. நிவேதா ஒரு தட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கார்த்திகா வேப்பங்கொத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுக்குத்தானுங்கக்கா காத்துட்டு இருந்தேன்" என்றாள்.

"ஓட்டை இல்லாமப் பாத்துத்தான் பறிச்சேன்" என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆல்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் சில பக்கங்களில் நான் நிறுத்தி வைத்த பொம்மை இருந்தது. பிறகு ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். நிவேதா பிரவீன் பக்கம் நன்றாகத் திரும்பியிருக்கிறாள். நான் அத்தனை நாள் மறைக்கப் பாடுபட்ட இடது கன்னம் கேமராவுக்கு நேராக இருக்கிறது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு கண் சுருங்கியும் ஒரு கண் அகலத் திறந்தும் இருக்கின்றன. அவள் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். மாலை இல்லாத தோள்கள் இரண்டும் இறங்கி, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவள் போல இருக்கிறாள். என் கையில் இந்தப் படம் கிடைத்திருந்தால் நானே கழித்துப் போட்டிருப்பேன். இப்போது அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எதுக்கு இப்பிடிச் சிரிச்சா?" என்று கேட்டேன்.

"நீங்க போனதும், பதனஞ்சு எலை பறிக்க அனுப்பிருக்கேன்னு சொன்னேங்க. எங்கம்மா திரும்பி வர எவ்வளவு நேரமாகும்னு நிவேதா மாப்பிள்ளையக் கேட்டா. அதுக்கு அவரு, எலைக்கு ஒரு நிமிஷம்னு வெச்சாலும் பதனஞ்சு நிமிஷம், மறுபடி எண்ணிப் பாப்பாங்க, அதுக்கொரு பதனஞ்சுன்னாரு."

நானும் சிரித்தேன். "எலுமிச்சம்பழத்தை என்கிட்டயே போட்டுட்டீல்ல?"

கார்த்திகா ஆல்பத்தை மூடி வைத்தாள்.

"அது என்ர யோசனை இல்லீங்கக்கா. கல்யாணத்துக்கு மொத நாளே நிவேதா ஃபோன் பண்ணிட்டா. எங்கம்மா மேடைக்கு வந்து நின்னா அந்த எலுமிச்சம்பழத்தைக் கேட்டு அனுப்பிருங்கக்கான்னு. எலுமிச்சம்பழம்னா நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு வேப்பங்கொத்தா மாத்துனது மட்டுந்தான் நானு."

எலுமிச்சம்பழக் கதையை வீட்டில் நானேதான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மேடையில் நான் என்ன செய்வேன் என்று என் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் பேசாமல் நின்றாளே, அப்போதே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று, நான் மற்ற அம்மாக்களிடம் நடந்துகொண்ட மாதிரியே என்னிடம் நடந்துகொண்டிருக்கிறாள்.  அந்த அம்மாக்கள் காம்புள்ள பழத்தைத் தேடி எங்கெல்லாம் அலைந்திருப்பார்கள், அந்த இருபது நிமிடம் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நீங்கள் அனுப்பத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் திரும்பி வருகிறவர் கையில் இருப்பதை, கார்த்திகா மாதிரி, இரண்டு கையாலும் வாங்குங்கள். பழத்தை வாங்கிக்கொண்டு முகம் திருப்பிச் சிரித்த நாட்களும் எனக்கு உண்டு.

நிவேதாவின் முகம் இப்போது முக்கால்வாசிக்கு மேல் சரியாகிவிட்டது. களைத்துப் போனால் மட்டும் அந்த உதட்டோரம் லேசாகத் தொங்கும். தினமும் சாயங்காலம் ஓசூரிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிறாள். குழம்பைப் பற்றி, வேலையைப் பற்றி, என் வீட்டுக்காரர் பெற்றெடுத்த பிள்ளை மாதிரி வளர்க்கிற மீன்தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். என் கண் தானாக அவளுடைய இடது கன்னத்துக்குப் போய்விடும். வாயோரம் எப்படி இருக்கிறது, கண் மூடுகிறதா என்று அளக்க ஆரம்பித்துவிடுவேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் நிறுத்துவாள். தோள் கொஞ்சம் ஏறும்.

"அம்மா" என்பாள். "வேப்பங்கொத்து."

அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் சாமி, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.